ஓஎஸ் போட இருபது நிமிடம், எழுத்தை மீட்க நாலு நாள்

பள்ளத்தூரிலிருந்து அம்மான் போன் செய்தபோது சொன்னது ஒரே வரிதான்: "பெட்டி எந்திரிக்க மாட்டேங்குதுப்பா." அவருக்கு லேப்டாப் என்றால் பெட்டி. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்குப் பத்து நாள்தான் இருந்தது. பங்காளிகளின் புள்ளிக் கணக்கு மொத்தமும் அந்தப் பெட்டிக்குள்.

புள்ளி தெரியாதவர்களுக்காக: நகரத்தார் வீடுகளில் கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. கோயில் செலவோ, முன்னோருக்குப் படைக்கும் செலவோ, பங்கிடும்போது தலையை எண்ணுவதில்லை, புள்ளியை எண்ணுவார்கள். எந்த வீட்டில் எத்தனை புள்ளி, யார் சிங்கப்பூரில் இருக்கிறார், யார் போன தடவை பாக்கி வைத்தார் என்பதெல்லாம் அம்மான் பல வருடமாக எழுதிவரும் கணக்கு. நான் அவருடைய அக்கா மகன். அந்தப் பங்கில் எனக்கு இடமில்லை, கம்ப்யூட்டர் கெட்டால் மட்டும் மருமகன் ஞாபகம் வரும்.

எனக்குச் சொல்வதற்கு முன்பே ஒரு கடையில் விசாரித்திருக்கிறார். "ஃபார்மேட் போட்டு ஓஎஸ் ஏத்தித் தர்றோம், ஐந்நூறு ரூபாய். சி டிரைவ் போயிடும், டி டிரைவ்ல இருக்கறது அப்படியே இருக்கும்" என்றார்களாம். (ஓஎஸ் என்றால் விண்டோஸ் மாதிரி, கணினியை ஓட்டும் அடிப்படை மென்பொருள். சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் பாகங்கள்.) தவறான பேச்சு இல்லை, எல்லாக் கடையிலும் சொல்வதுதான். அம்மானுக்கு அந்தப் 'போயிடும்' பிடிக்கவில்லை. பெட்டியைத் திரும்ப மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கணக்குப் பிள்ளை புத்தி. அது எவ்வளவு நல்ல புத்தி என்று எனக்கு ஆறாம் நாள்தான் தெரிந்தது.

லேப்டாப், அம்மான் மகள் பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் ஆரம்பக் கால வண்டி. 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. கூடவே பாஸ் லினக்ஸ். லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றான இலவச ஓஎஸ். இது சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து நம் நாட்டுக்கென்று செய்தது. பெட்டியைத் திறந்தால் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும். இத்தனை வருடத்தில் ஒருவரும் அந்த இரண்டாவது வரியைத் தொட்டதில்லை. கடைசியில் லினக்ஸுக்குத்தான் போகப் போகிறோம் என்று அப்போது தெரியாது.

சனிக்கிழமை காலை போய்ச் சேர்ந்தேன். வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், பாய் போட்டு உட்கார்ந்து பொத்தானை அழுத்திவிட்டு மணி பார்த்தேன். டெஸ்க்டாப் வர ஒன்பது நிமிடம். வந்த பிறகு மவுஸ் நகரவில்லை. உள்ளே ஹார்ட் டிஸ்க் கிடுக், கிடுக் என்று சீரான இடைவெளியில் ஒலித்துக்கொண்டிருந்தது. வைரஸ், குப்பை, 'ரொம்ப நாளா ஃபார்மேட் பண்ணல' என்று எத்தனை காரணம் வேண்டுமானாலும் சொல்லலாம். அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் மற்றதெல்லாம் அப்புறம்.

கடிகாரம் 2011 ஜனவரி 1 என்றது. உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி, அதாவது சிஆர் 2032, செத்துவிட்டது. மின்சாரம் போனதும் தேதி மறந்துபோகும். தேதி தவறினால் பாதி இணையதளங்கள் திறக்காது, ஏனென்றால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கு ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி உண்டு. 2011-இல் நின்றுகொண்டு பார்க்கும் பிரவுசருக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. "நெட்டு ஆறு மாசமா வரலை, கம்பெனிக்காரனுக்கு மூணு தடவை போன் போட்டேன்" என்றார் அம்மான். பாவம் அந்தக் கம்பெனிக்காரர். மின்வேதியியலுக்கென்றே 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டிய ஆய்வு நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. பக்கத்து ஊரில் ஒரு பட்டன் பேட்டரி செத்ததை ஆறு மாதம் யாரும் கவனிக்கவில்லை.

என் பென் டிரைவில் வென்டாய் எப்போதும் இருக்கும். ஒரு தடவை அதை நிறுவிவிட்டால் போதும், ஓஎஸ்ஸை முழுதாக அடைத்து வைத்த ஐஎஸ்ஓ கோப்புகளைச் சும்மா காப்பி செய்து போடலாம், துவங்கும்போது எது வேண்டும் என்று பட்டியல் காட்டும். பெட்டியை அணைத்து, மறுபடி போட்டு, பென் டிரைவிலிருந்து துவங்க எஃப்12 தட்டினேன். (இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எஃப்9, எஸ்கேப் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதுதான் வழி.) சிஸ்டம் ரெஸ்க்யூ என்ற லினக்ஸில் நுழைந்து டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைக் கேட்டேன்.

அந்த அறிக்கையில் முப்பது வரி வரும். நான் பார்ப்பது இரண்டு. ஐந்தாம் எண், கெட்டுப்போன செக்டருக்கு (டிஸ்க்கின் சின்னத் துண்டு) பதிலாக உதிரி செக்டர் எத்தனை கொடுத்தாயிற்று என்பது. 197-ஆம் எண், படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் செக்டர் எத்தனை என்பது. இரண்டும் சைபராக இருக்க வேண்டும். இங்கே முதலாவது 312, இரண்டாவது 88. இந்த டிஸ்க்கிலேயே ஃபார்மேட் போட்டு ஓஎஸ் ஏற்றியிருந்தால் ஒரு மாதம் ஓடியிருக்கும். படைப்பு முடிகிற வரைகூட ஓடியிருக்கலாம். அதற்கப்புறம் டி டிரைவும் சேர்ந்து போயிருக்கும்.

ஆகவே வரிசை மாறியது. முதலில் நகல், அப்புறம் புது டிஸ்க், அதற்கும் அப்புறம்தான் ஓஎஸ்.

நகல் என்றால் கோப்புகளைப் பிடித்து இழுத்துப் போடுவது இல்லை. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அப்படிச் செய்தால் கெட்ட இடத்தில் முட்டி முட்டி நிற்கும், நல்ல இடத்தையும் எடுக்க விடாது. டிடிரெஸ்க்யூ என்று ஒரு கருவி உண்டு. சட்டென்று படிக்க வருவதையெல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும், அடம் பிடிப்பதைத் தாண்டிப் போய்விடும். நல்லது எல்லாம் எடுத்து முடித்த பிறகு திரும்பி வந்து மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எது எடுத்தாயிற்று, எது பாக்கி என்று ஒரு சின்ன வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். பந்தியில் முதல் சுற்று எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மறுசோறு கேட்பவர்களிடம் அப்புறம் வருகிற மாதிரி.

அந்த வரைபடக் கோப்பை எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ் எல்லாவற்றையும் ராமில்தான் வைத்திருக்கும். அணைந்தால் எல்லாம் போச்சு. நான் எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலேயே வைத்தேன். பழைய யுஎஸ்பி 2 துளை, ஆதலால் நல்ல பகுதி எடுக்கவே மூன்று மணி நேரத்துக்கு மேல். சுரண்டல் வேலை ராத்திரிக்கு நீண்டது. லேப்டாப் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் அது வளவு ஃபேனுக்கும் இரண்டு லைட்டுக்கும் மட்டும். பிளக் பாயின்ட் இருக்கும் பட்டாலைக் கூடத்துக்கு அந்த லைன் வரவில்லை. நூறு வருட வீட்டில் ஒயர் இழுப்பது ஒரு தனி அரசியல். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. காலையில் அதே கட்டளையை அதே வரைபடக் கோப்போடு மறுபடி கொடுத்தேன், விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தது. முடிவில் 320 ஜிபியில் 2 எம்பிக்கும் குறைவாகத்தான் கைவிட்டுப் போனது. எந்தக் கோப்பில் அந்த ஓட்டை விழுந்தது என்று தேடிப் பார்த்தேன், ஒரு பழைய விளையாட்டின் ஒலிக்கோப்பு.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைப் பிரித்தேன். இங்கே ஒரு முட்டாள்தனம். தரையில் உட்கார்ந்து பிரித்தேன். தரை ஆத்தங்குடிக் கல். சிவப்பும் பச்சையும் கறுப்புமாகப் பூ, அதைச் சுற்றிக் கொடி. மூன்றாவது ஸ்க்ரூ கையிலிருந்து நழுவி ஒரு பூவுக்குள் விழுந்தது. கறுப்புப் பூவில் கறுப்பு ஸ்க்ரூ. அரை மணி நேரம் உள்ளங்கையால் தரையைத் தடவினேன். அயித்தை வந்து காந்தம் கேட்டார், கிடைக்கவில்லை. கடைசியில் விளக்குமாறை எடுத்து ஒரே இழுப்பில் கண்டுபிடித்தார். பிறகு வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துக்கொண்டேன். ஸ்க்ரூக்களை வைக்கக் குழிப்பணியாரச் சட்டி. ஏழு குழி. அடிமூடிக்கு ஒரு குழி, கீபோர்டுக்கு ஒன்று, ஹார்ட் டிஸ்க் கூண்டுக்கு ஒன்று, இப்படி. இதைவிட நல்ல பாத்திரத்தை நான் எந்தப் பணிமனையிலும் பார்த்ததில்லை. "கழுவித் தரணும், வெங்காயத்தைப் போட்டு எண்ணெய் காட்டித் தரணும்" என்ற ஒப்பந்தத்தின் பேரில்தான் கிடைத்தது.

உள்ளே சுண்ணாம்பு. மேலே மரவேலைக்கும் காரைச் சுவருக்கும் நடுவிலிருந்து வருடக்கணக்காக உதிர்ந்த வெள்ளைத் தூள், விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையே கம்பளி மாதிரி படிந்திருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, ஊதி எடுத்தேன். விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், ஊதும் வேகத்தில் அது சுற்றினால் அச்சு தேய்ந்துவிடும். செயலிச் சில்லின் மேல் சூட்டைக் கடத்தப் பூசியிருந்த பழைய பசை காய்ந்து ஓடு மாதிரி வந்தது. துடைத்துவிட்டுப் புதுப் பசை, ஒரு துவரம்பருப்பு அளவு.

திங்கள் சாயங்காலம் வேலை முடிந்ததும் காரைக்குடியில் கடைகளுக்குப் போனேன். 240 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க், 1,900 ரூபாய். ராம் பழசுதான் கிடைக்கும், கடைக்காரர் மேசை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தார், 4 ஜிபி 600 ரூபாய். ராம் வகையை டிடிஆர்3 என்று மட்டும் கேட்காமல் மேலே ஒட்டியிருப்பதைப் படித்துவிட வேண்டும். 1.35 வோல்ட் வகை பழைய 1.5 வோல்ட் பெட்டியில் ஓடும். 1.35 மட்டுமே கொடுக்கும் பெட்டியில் 1.5 வகை ஓடாது. பட்டன் பேட்டரிதான் சிக்கல்: இந்தப் பெட்டிக்கு ஒயரும் சின்ன சாக்கெட்டும் வைத்துச் சுற்றிய வகை வேண்டும், கடையில் இருந்தது மொட்டை வகை. ஆர்டர் போட்டிருக்கிறார்கள். அதுவரை இணையம் கிடைத்ததும் லினக்ஸ் தானே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் என்பதால் அவசரம் இல்லை.

எந்த ஓஎஸ் என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-உடன் நின்றது. விண்டோஸ் 10-க்கும் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கேட்கும். இந்தப் பெட்டி செய்த காலத்தில் அந்தப் பதிப்பே வரவில்லை. குறுக்கு வழிகள் உண்டு, எனக்கும் தெரியும். எழுபது வயதுக்காரர் பெட்டியில் குறுக்கு வழி வைத்தால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் நான் பள்ளத்தூர் பஸ் ஏற வேண்டும். அம்மானுக்கு வேண்டியது கணக்குத் தாள், பிரிண்ட், தமிழில் அடிப்பது, சாயங்காலம் திருப்புகழ் கேட்பது. ஆகவே லினக்ஸ் மின்ட் 22, அதில் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ வகை. 2029 வரை அப்டேட் வரும், பழைய ராமுக்கு அதிகம் ஆசைப்படாது, தொடக்கப் பட்டியும் பொத்தானும் விண்டோஸ் மாதிரியே கீழே இருக்கும். செயலி 64 பிட் என்பதை மட்டும் முன்பே பார்த்துவிட்டேன். 32 பிட் என்றால் மின்ட் 22 ஏறாது.

ஐஎஸ்ஓ கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. காரைக்குடியிலேயே இறக்கிவிட்டு கோப்பு பிசகாமல் வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ 256 கூட்டெண்ணை ஒப்பிட்டேன். முதல் தடவை பொருந்தவில்லை. நடுவில் இணைப்பு அறுந்து ஒட்டிய கோப்பு. ஒப்பிடாமல் போயிருந்தால் நிறுவல் எண்பது சதவீதத்தில் நின்று, எஸ்எஸ்டியைத் திட்டியிருப்பேன்.

செவ்வாய் ராத்திரி நிறுவல். இருபது நிமிட வேலையைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றும் இல்லை, ஒரு இடத்தைத் தவிர. 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்ற பக்கத்தில் முதலாவதாகக் காட்டியது எஸ்எஸ்டியை இல்லை. நகல் வைத்திருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கை. அதைக் கழற்ற மறந்திருக்கிறேன். என்டரில் விரல் இருந்தது. அளவு 1 டிபி என்று போட்டிருந்ததால் கண்ணில் பட்டது. எழுந்து, டிஸ்க்கைப் பிடுங்கி, அயித்தையிடம் கொடுத்து இரும்புப் பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மறுபடி உட்கார்ந்தேன். சிஸ்டத்துக்கு 60 ஜிபி, மிச்சம் முழுதும் ஹோம் என்று தனியாகப் பிரித்தேன். அடுத்த தடவை ஓஎஸ் மாற்றினாலும் கணக்கு இருக்கும் பகுதியைத் தொட வேண்டியிருக்காது.

ஒன்பது நிமிடம் என்றிருந்தது முப்பத்தைந்து நொடி ஆனது. அம்மான் மூன்று தடவை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார்.

வைஃபை வரவில்லை. சில பழைய வைஃபை சில்லுகளின் டிரைவர், அதாவது அவற்றை இயக்கும் மென்பொருள், திறந்த மூலமாக இல்லாததால் லினக்ஸோடு சேர்ந்து வராது, தனியாக இறக்க வேண்டும். இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். போனை யுஎஸ்பி ஒயரில் மாட்டி, அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் டெதரிங் போட்டால் முடிச்சு அவிழும். இங்கே அதற்கும் ஒரு தடை: இந்த வீட்டுச் சுவருக்குள் போன் சிக்னல் நுழையாது, வானம் தெரியும் வளவில் மட்டும் இரண்டு கட்டம் வரும். ஆகவே நட்ட நடு ராத்திரியில் வளவுத் தூணில் சாய்ந்து, பட்டாலையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, டிரைவர் மேனேஜரைத் திறந்தேன். பெயரைக் காட்டியது, டிக் போட்டேன், மறுதுவக்கம், வந்துவிட்டது. பிரிண்டர் கேட்காமலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

புதன்கிழமை ராத்திரி போன். "என்னப்பா, எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு." மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். புள்ளிக் கணக்குத் தாளைத் திறந்தார். தமிழ்ப் பெயர் ஒன்றுகூட இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியும் கலந்த கூளம். அம்மான் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அது திட்டுவதைவிட மோசம்.

தாளின் ஒரு கட்டத்துக்குள் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று வரிசையாக இருந்ததைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. பாமினி. பாமினி எழுத்துருவில் அந்த ஐந்தும் சேர்ந்தால் 'தமிழ்'. ஜே என்றால் த, கே என்றால் ம, பி என்றால் இகரக் குறி, ஓ என்றால் ழ, அரைப்புள்ளி என்றால் மேலே வைக்கும் புள்ளி. கோப்புக்குள் இருப்பது வெறும் ஆங்கில எழுத்துதான். எழுத்துரு அதன் மேல் தமிழ் வேஷம் கட்டிவிடுகிறது. வேஷக்காரர் சி டிரைவில் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் குடியிருந்தார். நான் கோப்புகளை மட்டும் கொண்டுவந்தேன், அவரை விட்டுவிட்டேன்.

2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் அம்மானின் முதல் தாள் அதற்கு முந்தியது. ஒரு டிடிபி சென்டரில் போட்டது. அதன் மேலேயே வருடா வருடம் வளர்ந்திருக்கிறது. இதை மாற்ற யாருக்கு என்ன அவசரம்?

'போயிடும்' என்ற சொல்லுக்கு அவர் பயந்தது இப்போது கைகொடுத்தது. முழு டிஸ்க்கின் நகலும் இரும்புப் பெட்டியில் இருக்கிறதே. கடையில் சொன்னபடி நடந்திருந்தால் டி டிரைவில் கோப்பு பத்திரமாக இருந்திருக்கும், படிக்கத்தான் முடிந்திருக்காது. நகலைத் திறந்து ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குள் போனேன். எதெது வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு வழி: மின்ட்டோடு வரும் லிப்ரே ஆபீஸில் ஒரு கட்டத்தைச் சொடுக்கினால் மேலே எழுத்துருவின் பெயர் வரும், அது கணினியில் இல்லாவிட்டால் சாய்வெழுத்தில் வரும். சாய்ந்திருந்த பெயர்களை எழுதிக்கொண்டேன். இரண்டு. பாமினி ஒன்று. இன்னொன்று, மகள் கல்யாண மொய்க் கணக்கிலும் சாமான் சிட்டையிலும் இருந்தது. பெயர் என்று சொல்ல முடியாது, இரண்டு எழுத்தும் மூன்று எண்ணும். அந்த டிடிபி சென்டர் இப்போது ஜவுளிக்கடை. இணையத்தில் எங்கு தேடியும் அந்த எழுத்துரு இல்லை. நகலில் இருந்தது.

இரண்டையும் ஹோமுக்குள் மறைந்திருக்கும் எழுத்துரு ஃபோல்டரில் போட்டுவிட்டு லிப்ரே ஆபீஸை மூடித் திறந்தேன். பெயர்கள் வந்தன. பழ., அரு., சித., மெ. என்று எங்கள் ஊர்த் தலைப்பெழுத்துகள் வரிசை பிடித்து நின்றன. அம்மான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இது யாரு, ரெண்டாம் வீட்டு மெய்யப்பன் பேரனா, புள்ளி ஒண்ணு கூடியிருக்கணுமே" என்று உடனே திருத்தம் சொல்ல ஆரம்பித்தார். அன்றைக்கே பிரிண்ட் எடுத்தாயிற்று. படைப்புக்கு அது போதும்.

ஆனால் இதை இப்படியே விட எனக்கு மனமில்லை. தாளை யூனிகோடுக்கு மாற்ற உட்கார்ந்தேன். பைத்தான் நிரல்மொழியில் ஓப்பன் தமிழ் என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது, அதில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் செயல் தயாராக உண்டு. முழுத் தாளையும் அப்படியே தூக்கிப் போட்டேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. 1,001 ரூபாய் என்று இருந்த இடத்தில் 1இ001 என்று வந்தது. பாமினியில் காற்புள்ளி விசை 'இ'. சிங்கப்பூர், மலேசியா முகவரிகள் ஆங்கிலத்தில் இருந்தவை. அவை எந்த மொழியிலும் சேராத தமிழாகிவிட்டன. பழைய தமிழ் இணையப் பக்கங்களில் காற்புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் 'இ' உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே நோய்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்துருப் பெயரைக் கேட்டு, பாமினி என்றால் மட்டும் மாற்று என்று திருத்தி எழுதினேன். அதற்குக் கோப்பு புதிய எக்செல் வடிவத்தில் இருக்க வேண்டும், நான் எடுத்த ஓப்பன்பைஎக்செல் என்ற நிரல் தொகுப்பு பழைய வடிவத்தைப் படிக்காது. முதலில் லிப்ரே ஆபீஸில் திறந்து புதிய வடிவில் சேமித்தேன். ஒரே கட்டத்துக்குள் பாதி தமிழ் பாதி ஆங்கிலம் இருந்தவை நாற்பதுக்கு மேல். அவற்றைக் கையால்தான். இரண்டாவது எழுத்துரு எந்த மாற்றிக்கும் பிடிபடவில்லை. எந்தப் பொதுக் குறியீட்டு முறையிலும் சேராத தனிக்காட்டு ராஜா. மொய்க் கணக்கு இன்னும் அதில்தான் இருக்கிறது. சாமான் சிட்டையை மட்டும் அம்மானே புதிதாக அடித்துவிடுகிறேன் என்றார்.

எப்படி அடிப்பது என்பது அடுத்த பஞ்சாயத்து. தமிழ்99 விசைப்பலகையைக் காட்டினேன். உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம், கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும், 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் வடிவம் பெற்றது என்றெல்லாம் சொன்னேன். அம்மான் கேட்டுக்கொண்டார். "நான் தட்டச்சு ஹையர் பாஸ் பண்ணினப்போ உங்க ஆத்தாளுக்குக் கல்யாணமே ஆகலை. எனக்கு யளனகதான் வரும்" என்றார். யளனக என்பது தமிழ்த் தட்டச்சின் அரிச்சுவடி, இடது கையின் நாலு விரல்கள் அமரும் வீடு. பாமினியும் அதே வரிசைதான். அதனால்தான் இத்தனை வருடம் அவர் அதை விடவில்லை. நல்லவேளை, லினக்ஸில் பிற மொழிகளை அடிக்க உதவும் ஐபஸ்ஸில் எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழுக்குப் பழைய தட்டச்சு வரிசையும் கிடைக்கிறது, வெளிவருவது யூனிகோடு. அதைப் போட்டுக் கொடுத்தேன். விரலை வைத்தார், பத்து வருடம் குறைந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

படைப்பு முடிந்து இரண்டு நாள் கழித்து, பணியாரச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். எண்ணெய் காட்டித்தான். அம்மான் சாமான் சிட்டையை முக்கால்வாசி அடித்து முடித்திருந்தார். அண்டா, குண்டான், பித்தளைத் தூக்கு, மங்கு என்று நூற்றுக்கணக்கான வரி. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் குப்பையில் போடலாமா என்று கேட்டேன். அந்தப் பேச்சே அந்த வீட்டில் எடுபடாது. அயித்தை அதை ஒரு தகர டப்பாவில் போட்டு இரண்டாம் கட்டு சாமான் அறையில் வைத்துவிட்டாராம். கடைசி வரியைக் காட்டினார். வரிசை எண் 412: ஹார்ட் டிஸ்க், 1, ஓடாது.